ஜோசியா மார்ஷல் ஹீத்

ஜோசியா மார்ஷல் ஹீத் (இறப்பு: 1851) ஆங்கிலேய உலோகவியலாளரும் தொழில் முனைவோரும் ஆவார். சென்னை மாகாணத்தில் கிழக்கிந்தியக் கம்பனியின் குடிமைப் பணியில் இருந்தபோது சேலம் பகுதியின் இரும்பு, எஃகுத் தொழிலை நேரில் கண்டு ஆராய்ந்தார். பரங்கிப்பேட்டையில் ஐரோப்பிய முறையிலான இரும்பு உருக்காலையை நிறுவினார். பின்னர் இங்கிலாந்தில், எஃகு உருக்கும்போது மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839 ஆம் ஆண்டில் காப்புரிமை பெற்றார். செஃபீல்டு நகரில் செய்யப்பட்ட பேனாக்கத்தி, மேசைக்கத்தி, சவரக்கத்தி ஆகியவற்றுக்கான நல்ல எஃகின் விலை இம்முறையால் பெரிதும் குறைந்தது. ஆயினும் காப்புரிமை வழக்கில் செல்வத்தை இழந்த ஹீத் வறுமையில் இறந்தார்.

சேலத்தில் பணி

ஹீத் சேலம், கோயம்புத்தூர்ப் பகுதிகளில் கம்பனியின் வணிக அதிகாரியாகப் பணியாற்றினார். பருத்தி, துணி முதலிய பொருள்களைக் கம்பனிக்காகக் கொள்முதல் செய்வது இப்பதவியின் முதன்மையான வேலையாகும். பூர்பன் எனப்படும் பருத்தி வகையை இப்பகுதியில் பயிரிடச் செய்யும் முயற்சிகளிலும் அவர் ஈடுபட்டார். பறவையியலிலும் அவருக்கு ஆர்வம் இருந்தது.

அக்காலச் சேலம் மாவட்டம் இன்றைய மாவட்டத்தை விடப் பரந்ததாகும். அது தலகாட், பாராமகால், பாலகாட் என மூன்று நிலப்பிரிவுகளைக் கொண்டிருந்தது. கிருஷ்ணகிரி பாராமகாலிலும், மைசூர் எல்லையை ஒட்டிய ஓசூர் மேட்டுநிலம் பாலகாட்டிலும் அடங்கின. இவ்விரு ஊர்களுக்கும் இடையில் உள்ள சூளகிரியும் சேலம் மாவட்டத்தையே சேர்ந்திருந்தது. 1965 ஆம் ஆண்டில் தர்மபுரி மாவட்டமும், அதிலிருந்து 2004 ஆம் ஆண்டில் கிருஷ்ணகிரி மாவட்டமும் பிரிக்கப்பட்டன.

இந்நிலப்பகுதியில் இரும்புத் தொழில் மிகப் பழமையானது. கிருஷ்ணகிரி மாவட்டம் மயிலாடும்பாறையில் நடந்த அகழாய்வின் காலக்கணிப்பு 2022 ஆம் ஆண்டில் வெளியிடப்பட்டது. அதன்படி அங்கு இரும்புப் பயன்பாட்டின் காலம் கி.மு. 2172 ஆகும். ஹீத் பணியாற்றிய நாட்களிலும் சேலம் பகுதியின் ஊர்கள் பலவற்றில் சிறு உலைகள் எரிந்து கொண்டிருந்தன. சேலத்திற்கு அருகிலுள்ள கஞ்சமலையின் காந்த இரும்புத்தாது சிறப்புப் பெற்றிருந்தது.

உள்ளூர் எஃகு பற்றிய ஆய்வு

உள்ளூர் முறையை ஹீத் விரிவாகப் பதிவு செய்தார். இது பற்றிய அவருடைய கட்டுரை அரச ஆசியக் கழகத்தின் இதழில் 1839 ஆம் ஆண்டில் வெளிவந்தது. அவர் விவரித்த முறை சுருக்கமாக வருமாறு:

தாதுவை இடித்துப் புடைத்து, மண்ணும் கல்லும் நீக்கப்படும். ஏறக்குறைய ஓர் ஆள் உயரத்திற்கும் குறைவான மண் உலையில், ஆட்டுத்தோல் துருத்தியின் காற்றில், மரக்கரியைக் கொண்டு தாது இரும்பாக்கப்படும். இவ்விரும்பு சிறு துண்டுகளாக வெட்டப்பட்டு, உலர்ந்த ஆவாரை விறகுத் துண்டுகளுடன் களிமண் மூசையில் இடப்படும். அதன்மேல் எருக்கு போன்ற செடியின் பச்சை இலைகளை வைத்து, மூசையின் வாய் களிமண்ணால் அடைக்கப்படும். இருபதுக்கும் மேற்பட்ட மூசைகள் ஒரே உலையில் அடுக்கப்பட்டு, இரண்டு அல்லது இரண்டரை மணி நேரம் சூடாக்கப்படும். மூசையை உடைத்தால் உள்ளே சிறு எஃகுக் கட்டி கிடைக்கும்.

இதுவே ஐரோப்பியர் வூட்ஸ் என்று அழைத்த எஃகு ஆகும். காற்றுப் புகாத மூசையில் விறகும் இலையும் கரியாகி, அக்கரி இரும்புடன் சேர்வதால் இரும்பு எஃகாகிறது. செஃபீல்டில் பெஞ்சமின் அன்ட்சுமன் 1740களில் மூசை எஃகு முறையை அமைப்பதற்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே இம்முறை தென்னிந்தியாவில் இருந்து வந்தது. பழங்கால எகிப்தியர் கடினமான கற்களில் எழுத்துச் செதுக்கிய கருவிகளும் இந்திய எஃகாலானவையாக இருக்கலாம் என்று ஹீத் கருதினார்.

பரங்கிப்பேட்டை உருக்காலை

சேலம் தாதுவைக் கொண்டு பேரளவில் இரும்பு செய்யும் திட்டத்தை ஹீத் 1825 ஆம் ஆண்டில் சென்னை அரசின் முன் வைத்தார். இதற்கெனக் கம்பனிப் பணியை விட்டு விலகினார். ஐரோப்பிய முறையில் இரும்பு செய்வதற்கான தனியுரிமையும், அரசின் பண உதவியும் அவருக்குக் கிடைத்தன. 1830 ஆம் ஆண்டளவில், ஐரோப்பியர் போர்ட்டோ நோவோ என்று அழைத்த பரங்கிப்பேட்டையில் உலைகள் நிறுவப்பட்டன. 1833 ஆம் ஆண்டில் பங்குதாரர்களைக் கொண்ட நிறுவனமாக இது மாற்றப்பட்டது.

கடற்கரையில் ஆலை அமைந்ததால் ஏற்றுமதி எளிதாயிற்று. ஆனால் தாது உள்நாட்டில் இருந்தது. சேலம் பகுதியின் தாது காவிரிக் கரைக்குக் கொண்டு செல்லப்பட்டு, பரிசல்களில் ஏற்றப்பட்டு, காவிரி, கொள்ளிடம் வழியாகப் பரங்கிப்பேட்டையை அடைந்தது. எரிபொருள் மரக்கரியே. ஆலைக்கு அருகிலிருந்த காடுகள் குறையக் குறைய, கரி தொலைவிலிருந்து வர வேண்டியதாயிற்று. செலவும் ஏறியது. பிற்காலத்தில் மேற்குக் கடற்கரையில் பேப்பூரிலும், காவிரிக் கரையில் பூலாம்பட்டியிலும், திருவண்ணாமலைப் பகுதியிலும் உலைகள் அமைக்கப்பட்டன.

பரங்கிப்பேட்டை இரும்பின் தரம் குறித்துக் குறை கூறப்படவில்லை. அது இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டது. வேல்சில் கட்டப்பட்ட பிரிட்டானியா பாலத்தில் இவ்விரும்பு பயன்பட்டதாகக் குறிப்பிடப்படுகிறது. ஆயினும் நிறுவனம் தொடர்ந்து இலாபம் ஈட்டவில்லை. 1853 ஆம் ஆண்டில் கிழக்கிந்திய இரும்பு நிறுவனம் என்ற புதிய அமைப்பு இதை ஏற்றது. அதுவும் நிலைக்கவில்லை.

மாங்கனீசு முறை

ஹீத் இங்கிலாந்து திரும்பிய பின் செஃபீல்டின் எஃகுத் தொழிலில் கவனம் செலுத்தினார். அங்குக் கத்திக்கான சிறந்த எஃகு, சுவீடனிலிருந்து இறக்குமதியான விலையுயர்ந்த இரும்பைக் கொண்டே செய்யப்பட்டது. பிரித்தானிய இரும்பில் கந்தகம் முதலிய மாசுகள் மிகுந்திருந்தன. கந்தகம் இரும்புடன் சேர்ந்து, விரைவில் உருகும் சேர்மமாக எஃகின் மணிகளுக்கு இடையே தங்கும். அத்தகைய எஃகைக் காய்ச்சி அடித்தால் வெடித்து விடும்.

சேலம் தாது தூய்மையானது. மரக்கரியிலும் கந்தகம் இல்லை. ஆகவே அங்கு இச்சிக்கல் எழவில்லை. ஹீத் பதிவு செய்த சேலம் முறையில் மாங்கனீசு சேர்க்கப்படவில்லை. தூய்மையற்ற இரும்பிலிருந்தும் நல்ல எஃகு பெறுவதற்கான வழியாகவே அவர் மாங்கனீசைக் கண்டார். மாங்கனீசு கந்தகத்தைத் தன்னோடு பிணைத்துக் கொள்கிறது. உருகிய எஃகிலுள்ள ஆக்சிசனையும் நீக்குகிறது.

1839 ஏப்ரலில் ஹீத் பெற்ற காப்புரிமை, மாங்கனீசும் கரியும் சேர்ந்த சேர்மத்தை மூசையில் 1 முதல் 3 விழுக்காடு வரை இடுவதைப் பற்றியதாகும். இதனால் மலிவான இரும்பிலிருந்தும் அடித்து வடிக்கத்தக்க மூசை எஃகு கிடைத்தது. அதை இரும்போடு பற்றவைக்கவும் முடிந்தது. ஆகவே அலகு மூசை எஃகாலும், கைப்பிடிக்குள் செல்லும் வால் மலிவான இரும்பாலும் அமைந்த மேசைக்கத்திகள் பெருகின. எஃகின் விலை டன்னுக்கு 30 முதல் 40 பவுண்டு வரை குறைந்ததாகக் கூறப்படுகிறது.

1845 ஆம் ஆண்டில் ஹீத் மற்றொரு காப்புரிமையும் பெற்றார். வார்ப்பிரும்பையும் தேனிரும்பையும் திறந்த உலையில் சேர்த்து உருக்கி எஃகாக்குவது அதன் நோக்கம். அக்கால உலைகளில் போதிய வெப்பம் கிட்டாததால் அது நடைமுறைக்கு வரவில்லை. இருபது ஆண்டுகளுக்குப் பின் சீமென்சு, மார்ட்டின் ஆகியோர் இதே எண்ணத்தைச் செயல்படுத்தினர்.

காப்புரிமை வழக்கு

செஃபீல்டில் ஹீத்தின் முகவராக இருந்தவர் அன்வின். மாங்கனீசுச் சேர்மத்தைத் தனியே செய்து மூசையில் இடுவதற்குப் பதிலாக, மாங்கனீசு ஆக்சைடையும் கரித்தாரையும் நேரே மூசையில் இட்டால் செலவு குறையும் என்பது தெரிய வந்தது. மூசையின் வெப்பத்தில் இவ்விரண்டும் சேர்ந்து, ஹீத் குறிப்பிட்ட அதே சேர்மமாகி எஃகில் கலக்கின்றன. அன்வின் இம்முறையைத் தனக்கெனப் பயன்படுத்தினார். காப்புரிமை ஆவணத்தில் ஆக்சைடும் தாரும் குறிக்கப்படாததால் ஹீத்துக்குப் பணம் தரத் தேவையில்லை என்பது அவர் தரப்பு. மற்ற உற்பத்தியாளர்களும் இவ்வழியைப் பின்பற்றினர்.

வழக்கின் போக்கு பின்வருமாறு அமைந்தது:

1844 - முதல் தீர்ப்பு ஹீத்துக்கு எதிராக அமைந்தது.

1851 - வழக்கு முடியும் முன்பே ஹீத் இறந்தார். வழக்கை அவர் குடும்பத்தார் தொடர்ந்தனர்.

1852 - மேல்முறையீட்டில் ஹீத் தரப்புக்கு வெற்றி கிடைத்தது.

1855 - பிரபுக்கள் அவை அத்தீர்ப்பை மாற்றி அன்வினுக்குச் சாதகமாக முடிவு கூறியது. ஆலோசனை கூறிய நீதிபதிகளுள் பெரும்பாலோர் ஹீத் தரப்பை ஏற்றிருந்தபோதிலும், அவை அதற்கு மாறாகத் தீர்ப்பளித்தது.

மூசைக்குள் அச்சேர்மம் தானே உண்டாகும் என்பதைக் காப்புரிமை பெற்ற நாளில் ஹீத் அறிந்திருக்கவில்லை. எனவே அவர் அறியாத முறைக்கு அவர் உரிமை கோர இயலாது என்பது தீர்ப்பின் சாரம். சேர்மத்தை மட்டும் எழுதி, அதை உண்டாக்கும் வழிகளை எழுதாமல் விட்டதே அவருடைய இழப்புக்குக் காரணமாயிற்று. காப்புரிமைச் சட்டத்தைப் பற்றிய நூல்களில் இவ்வழக்கு நெடுங்காலம் எடுத்துக்காட்டாகக் கூறப்பட்டது.

கத்தித் தொழிலில் தாக்கம்

19 ஆம் நூற்றாண்டில் செஃபீல்டின் மடக்குக்கத்திகள் உலகெங்கும் விற்பனையாயின. இந்தியாவிலும் அவை பரவலாக வாங்கப்பட்டன. பழைய ஆங்கிலேயக் கத்திகளில் ‘காஸ்ட் ஸ்டீல்’ என்ற முத்திரை காணப்படும். இது வார்ப்பிரும்பைக் குறிப்பதன்று. மூசையில் உருக்கிய எஃகு என்பதே அதன் பொருள். பழைய கத்தி வாங்கப் புதிதாக முனைவோர் இவ்விரண்டையும் குழப்பிக் கொள்வதுண்டு.

சேலத்திலும் கத்தித் தொழில் உடனே அழியவில்லை. சேலத்தைச் சேர்ந்த அருணாசலம் என்ற கொல்லரின் வேட்டைக் கத்திகளும், பன்றி வேட்டைக்கான ஈட்டிகளும் 19 ஆம் நூற்றாண்டில் ஆங்கிலேய அதிகாரிகளிடையே புகழ் பெற்றிருந்தன. அவருடைய பெயரும் ஊரும் ஆங்கில எழுத்துகளில் பொறிக்கப்பட்ட கத்திகளை இன்றும் சேகரிப்பாளர்கள் தேடி வாங்குகின்றனர். எனினும் வூட்ஸ் எஃகு உருக்கும் முறை அந்நூற்றாண்டின் முடிவுக்குள் பெரும்பாலும் மறைந்தது. ஹீத்துக்கு அம்முறையைக் காட்டிய உலைக்காரர்களின் பெயர்கள் பரவலாக அறியப்படவில்லை.

கைவினைக் கத்தி வாங்குதலும் எஃகும்

ஒரு கைவினைஞரிடம் சொல்லிச் செய்விக்கும் பேனாக்கத்தியின் மதிப்பைத் தீர்மானிப்பவற்றுள் எஃகின் வகை முதன்மையானது. தற்காலக் கத்தி எஃகுகளின் சேர்மானப் பட்டியலில் மாங்கனீசு தவறாமல் இடம்பெறுகிறது. எடுத்துக்காட்டாக, 1095 என்ற எளிய கரிம எஃகில் 0.3 முதல் 0.5 விழுக்காடு வரையும், ஓ1 என்ற கருவி எஃகில் ஏறத்தாழ 1 விழுக்காடும் மாங்கனீசு உள்ளது. எஃகின் பெயரைச் சொல்லாத கைவினைஞரிடம், அதைக் கேட்டறியாமல் முன்பணம் கொடுப்பது பொருத்தமன்று.

எஃகு நல்லதாயினும் வெப்பப் பதப்படுத்தல் சரியில்லை என்றால் கத்தி பயன்படாது. பேனாக்கத்தி அலகின் கடினத்தன்மை பொதுவாக ராக்வெல் அளவில் 56 முதல் 61 வரை அமைகிறது. மடக்குக்கத்திக்கு இன்னொரு சோதனையும் உண்டு. அலகு விரியும்போதும் மடங்கும்போதும் முதுகு வில் தெளிவான ஒலியுடன் அதை நிறுத்த வேண்டும். விரித்த நிலையில் அலகு பக்கவாட்டில் ஆடக் கூடாது. மடக்கிய நிலையில் கூர்முனை கைப்பிடிக்கு வெளியே தெரியக் கூடாது. கைப்பிடித் தகட்டுக்கும் வில்லுக்கும் இடையே ஒளி புகும் இடைவெளி இருக்கக் கூடாது. செய்தவரின் முத்திரை அலகின் அடியில் இருக்க வேண்டும்.

இவ்வாறு செய்வோர் எக்காலத்தும் சிலரே. செஃபீல்டில் பேனாக்கத்தியைத் தொடக்கம் முதல் இறுதி வரை தாமே செய்த ஸ்டான் ஷா (1926-2021) தமது 14 ஆம் வயதளவில் தொழிலில் சேர்ந்தவர். அவரிடம் கத்தி கேட்டோர் பல ஆண்டுகள் காத்திருந்தனர். ஐக்கிய அமெரிக்காவில் தனிக் கத்தி செய்வோருக்கான சங்கம் 1970 ஆம் ஆண்டில் நிறுவப்பட்டது. அதன் கண்காட்சிகள் வாங்குவோரும் செய்வோரும் நேரில் சந்திக்கும் வழக்கத்தை வளர்த்தன. முதல் முறை வாங்குவோர் அலகின் நீளம், எஃகு, கைப்பிடிப் பொருள், விலை, முடித்துத் தரும் காலம் ஆகிய ஐந்தையும் எழுத்தில் பெற்றுக் கொள்வது நன்று.

இன்று ஓசூர், சூளகிரிப் பகுதியில் வாகன உதிரிப் பாகத் தொழிற்சாலைகளும், அவற்றுக்கான வெப்பப் பதப்படுத்தும் கூடங்களும் இயங்குகின்றன. அங்குக் காய்ச்சி ஆற்றப்படும் எஃகுகளிலும் மாங்கனீசு உள்ளது. 1856 ஆம் ஆண்டில் ராபர்ட் மசெட் பெசமர் எஃகில் மாங்கனீசு சேர்த்துக் காட்டிய பின், எஃகுத் தொழில் முழுவதிலும் அது இன்றியமையாத சேர்பொருளாக நிலைபெற்றது.