நாதஸ்வரச் சக்கரவர்த்தி இராஜரத்தினம்பிள்ளை

எமது ஊர்க் கோயில்களில் கொடியேற்றம் முதல் பூங்காவனம் வரை நாதஸ்வரமும் தவிலும் முழங்காத திருவிழா இல்லை. சுன்னாகத்துக்கு அண்மையிலுள்ள இணுவிலும் அளவெட்டியும் இக்கலையில் வல்லவர் பலரை ஈன்ற ஊர்கள். சுவாமி வீதியில் தங்கி நிற்க, மேளச்சமாவில் மனம் பறிகொடுத்துச் சாமம் கடந்தும் கலையாதிருக்கும் கூட்டத்தை நாம் அறிவோம். ஆயினும், வாசித்த கலையைப் போற்றும் நாம், வாசித்தவரை எவ்வளவு போற்றுகிறோம்? இக்கேள்வியைத் தம் வாழ்நாள் முழுவதும் எழுப்பி நின்ற ஒரு மேதையின் வரலாற்றை இம்மலரில் எம் இளைஞர் முன் வைக்கிறோம்.

தஞ்சை மண்ணிலுள்ள திருமருகலில் 1898ஆம் ஆண்டு ஆகஸ்ட் 27ஆம் திகதி குப்புசாமிப்பிள்ளைக்கும் கோவிந்தம்மாளுக்கும் மைந்தராக இவர் தோன்றினார். பிள்ளைத் திருநாமம் பாலசுப்பிரமணியம். இளமையிலேயே தந்தையை இழந்த இவரை, நாதஸ்வர வித்துவானாகிய மாமனார் நடேசபிள்ளை தம் பிள்ளையாக ஏற்று வளர்த்தார். பிடில் மேதை திருக்கோடிக்காவல் கிருஷ்ணையரிடம் இவர் முதலிற் பயின்றது வாய்ப்பாட்டு. பின்னரே அம்மாசத்திரம் கண்ணுசாமிப்பிள்ளையிடம் நாதஸ்வரம் கற்றார். குழலூதும்போதும் பாடுவது போலவே இவர் நாதம் இருந்ததற்குக் காரணம் இவ்வடிப்படையே.

இவர் பின்னர் திருவாவடுதுறை ஆதீன வித்துவானாக விளங்கினார். அவ்வாதீனம் யாழ்ப்பாணத்தார்க்குப் புதிதன்று. 1849இல் நல்லூர் ஆறுமுகப்பிள்ளைக்கு நாவலர் என்னும் பட்டத்தைச் சூட்டியது அதுவேயாகும்.

முற்காலத்தில் பெரிதும் வழங்கியது திமிரி எனப்படும் குட்டையான நாதஸ்வரம். அதன் சுருதி உயர்ந்தது, ஓசை கூரியது. வீதியுலாவுக்கு அது பொருந்தும். இராஜரத்தினமோ நீளமும் கனிந்த நாதமும் உடைய பாரி நாதஸ்வரத்தைக் கைக்கொண்டார். நரசிங்கம்பேட்டை ரங்கநாத ஆசாரியார் இவருக்கேற்ற கருவியைச் செவ்வனே அமைத்துக் கொடுத்தார். ஒத்துக்குப் பதிலாகத் தம்புராவைச் சுருதிக்கு வைத்துக்கொண்டதும் இவர் செய்த மாற்றமாகும்.

இவர் பெயரைச் சொன்னால் தோடி இராகம் நினைவுக்கு வரும். தோடி, எழுபத்திரண்டு மேளகர்த்தாக்களுள் 8ஆவது. அதன் காந்தாரமும் நிஷாதமும் ஓரிடத்தில் நில்லாது அசைந்து அசைந்து உருப்பெறுபவை. நாதஸ்வரத்தில் விரற்றுளைகளோ ஏழே. துளையைப் பாதி மூடியும், சீவாளியில் மூச்சைக் கூட்டியும் குறைத்துமே அவ்வசைவுகளை வரவழைத்தல் வேண்டும். பிறர் அரிதின் முயன்று பெறும் அந்நுட்பம் இவரிடத்தில் பேச்சுப் போல இயல்பாக வந்தது.

மணிக்கணக்காக ஓர் இராகத்தை விரிக்கும் இம்மேதையின் தோடியை இசைத்தட்டு பதிந்துகொண்டது. அந்நாளைய தட்டு அரக்குக் கலவையால் ஆனது. நிமிடத்துக்கு 78 முறை சுழல்வது. பத்து அங்குலத் தட்டாயின் ஒரு முகத்தில் ஏறக்குறைய மூன்று நிமிட இசையே அடங்கும். அக்காலத்துக்குள் சுற்றி வளைக்க இடமில்லை. முதல் மூச்சிலேயே இராகத்தின் முகம் தெரிதல் வேண்டும். கடலைச் சிமிழில் அடைத்தது போன்ற அச்செயலை இவர் செய்து காட்டினார்.

அதனால் விளைந்த பயன் பெரிது. தெருவில் நின்று வாசித்தவரின் நாதம் வீட்டு விறாந்தைக்குள் வந்து அமர்ந்தது. தஞ்சாவூரைக் கண்டிராதவரும் காவிரிக்கரை வாசிப்பைக் கேட்டனர். வித்துவான் ஊர் திரும்பிய பின்னும் வித்தை ஊரிலே தங்கியது. விரும்பியபோது மீண்டும் மீண்டும் கேட்டு, இன்ன இடத்தில் இன்ன சுவரம் இவ்வாறு அசைந்தது என்று ஆராயவும் வழி பிறந்தது.

இவர் காலத்தில் நாதஸ்வரக்காரர் மேலாடையை இடுப்பிற் கட்டி, நின்றே வாசித்தல் வழக்கம். பாட்டுக்காரருக்கு மேடை, மேளக்காரருக்குத் தெரு. இராஜரத்தினம் குடுமியைக் களைந்து கிராப்பு வைத்தார். பட்டுச் சட்டையும் செர்வானியும் அணிந்தார். பாட்டுக்காரரைப் போல மேடையில் அமர்ந்து வாசிக்கும் உரிமையைக் கேட்டார், பெற்றார். செருக்குடையவர் என்று சிலர் பழித்தனர். அச்செருக்கு ஒரு சமூகம் முழுவதற்கும் நிமிர்ந்து நிற்கும் துணிவைத் தந்தது என்பதே எம் துணிபு.

1940இல் வெளிவந்த காளமேகம் திரைப்படத்தில் இவர் புலவர் வேடம் தாங்கி நடித்தார். 1947 ஆகஸ்டில் பாரதம் விடுதலை பெற்றபோது வானொலியில் இவரது மங்கல இசை ஒலித்தது. 1956ஆம் ஆண்டு டிசெம்பர் 12ஆம் திகதி சென்னையில் இவர் பூதவுடல் நீத்தார். அகவை 58.

இவர் மாணாக்கர் காருகுறிச்சி அருணாசலம் அவ்வழியைத் தொடர்ந்தார். 1962இல் வெளியான கொஞ்சும் சலங்கை படத்தில், ஜானகியின் குரலோடு இழைந்த அவர் நாதஸ்வரத்தைக் கேளாத தமிழர் அரியர். அவரும் 1964இல் மறைந்தார். அரக்குத் தட்டுகள் வழக்கொழிந்தன. அவற்றிலிருந்து பிரதி செய்யப்பட்ட தோடியை இன்று கைத்தொலைபேசியிலும் கேட்கலாம்.

இளைஞரே, கேளுங்கள். கேட்டதோடு நின்றுவிடாதீர்கள். எங்கள் வீதியில் வாசிக்க வரும் கலைஞருக்கு இருக்க நல்ல இடமும், வேளைக்கு உணவும், பேசிய சன்மானம் குறையாமலும் கொடுக்கிறோமா என்று பாருங்கள். விழா அறிவித்தலில் உபயகாரர் பெயர்களோடு அவர் பெயரும் விளங்கட்டும். திருவாவடுதுறையார் பெயரால் நாம் செய்யத்தக்க தொண்டு இதுவேயாகும்.