அகராதி தந்த ஜோன்சன்

ஆசிரியத் தொழிலில் இருந்த காலத்தில் யான் இழைத்த பிழையொன்று இன்றும் நெஞ்சை உறுத்துகின்றது. ஓயாது கண்ணைச் சிமிட்டித் தோளைக் குலுக்கிய மாணவன் ஒருவன், என்னைப் பரிகசிக்கின்றான் என்றெண்ணி, வகுப்பின் முன்னே நிறுத்தித் தண்டித்தேன். பன்னாள் கழித்துச் சாமுவேல் ஜோன்சனின் சரிதத்தைப் படித்தபோதே என் அறியாமை எனக்குப் புலனாயிற்று.

1709ஆம் ஆண்டு, இங்கிலாந்தின் லிச்ஃபீல்ட் நகரிலே புத்தக வணிகர் ஒருவரின் மகனாகப் பிறந்தார் ஜோன்சன். குழந்தைப் பருவத்திலேயே கண்டமாலை நோய் அவரது பார்வையைப் பழுதாக்கிற்று. வறுமையோ ஒக்ஸ்போர்ட் படிப்பை இடைநடுவில் நிறுத்திற்று. இவற்றோடு தலையசைவும் முகச்சுளிப்பும் காரணமற்ற ஒலிகளும் அவரை விட்டகலவில்லை. வாயிலைக் கடக்குமுன் காலடிகளை எண்ணி, குறித்த பாதத்தையே முன்வைப்பார். மாணவர் பார்த்துப் பழகிவிடுவர் என்றஞ்சி அவருக்கு ஆசிரியப் பதவியும் மறுக்கப்பட்டது.

ஓவியர் ஹோகார்த் அவரை முதன்முறை கண்டபோது புத்தி பேதலித்தவர் என்றே கருதினார். ஜோன்சன் பேசத் தொடங்கியதும் வியந்து நின்றார். அந்த மனிதரே 40,000க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட ஆங்கில அகராதியை 1755இல் உலகுக்கு அளித்தார். 1784இல் மறைந்த அவரது உடல் வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கஞ் செய்யப்பட்டது.

ஏன் இவ்வாறு அங்கங்களை அசைக்கின்றீர் என ஒரு சிறுமி அவரைக் கேட்டாளாம். தீய பழக்கமே காரணம் என்று அவர் சாந்தமாக விடையிறுத்தார். பேரறிஞரும் தம்மையே குற்றவாளியாகக் கருதினார்!

அது பழக்கமன்று. 1885இல் பிரெஞ்சு மருத்துவர் கில் த லா டூரெட் விவரித்த நோயே அவரைப் பீடித்திருந்தது என்பது இக்கால மருத்துவ அறிஞர் பலரின் கருத்து. மூளையின் இயக்கத்தில் எழும் இந்நோய் பெரும்பாலும் ஐந்து முதல் ஏழு வயதுக்குள் தோன்றும். பத்துப் பன்னிரண்டு வயதில் மிகும். வாலிபத்தில் பலருக்குத் தணியும். பிள்ளை சிறிது நேரம் அடக்கக்கூடும். ஆயின் உள்ளெழும் உந்துதல் வளர்ந்துகொண்டே இருக்கும். கடிந்தால் கவலை மிகும். கவலை மிக, அசைவும் மிகும். வீட்டாரும் ஆசிரியரும் அதனைப் பொருட்படுத்தாதிருத்தலே முதல் மருந்து. உந்துதலை முன்னுணர்ந்து மாற்றசைவு செய்யும் பயிற்சியும், கடுமையாயின் மருந்தும் உதவும்.

அம்மாணவன் இன்று எங்குளனோ அறியேன். அவனிடம் கேட்கவேண்டிய மன்னிப்பை இங்கு எழுதிவைக்கின்றேன்.