வெள்ளை மாளிகையில் மறைந்திருந்த கொதிப்பு

(இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்)

அமெரிக்க மக்கள் நான்கு முறை குடியரசுத் தலைவராகத் தேர்ந்தெடுத்த ஒரே மனிதர் பிராங்க்ளின் ரூஸ்வெல்ட். 1882இல் செல்வக் குடும்பத்தில் பிறந்தவர். 39ஆம் வயதில் இளம்பிள்ளை வாதம் தாக்கிக் கால்கள் செயலிழந்தன. (நோயின் பெயரை நம்பி வளர்ந்தவர்களுக்கு வராது என்று எண்ணிவிடக் கூடாது!) 1933இல் ஆட்சிப் பொறுப்பேற்று, பொருளாதார வீழ்ச்சியையும் உலகப் போரையும் எதிர்கொண்டார். இவை நாம் பள்ளியிலேயே படித்தவை. அவரைக் கொன்ற பகைவனைப் பற்றித்தான் நாம் படிக்கவில்லை.

நம் வீடுகளில் இரத்தக் கொதிப்பு கோபக்காரர்களுக்கு வருவது என்பார்கள். ரூஸ்வெல்ட்டோ சிரித்த முகத்தினர். 1937இல் அவருடைய இரத்த அழுத்தம் 162/98, 1941இல் 188/105. அவருடைய மருத்துவர் மெக்கின்டயர் காது, மூக்கு, தொண்டை வல்லுநர். தலைவர் வயதுக்கேற்ற நலத்துடன் இருப்பதாகவே அவர் நாட்டுக்குச் சொல்லிவந்தார். 1944 மார்ச்சில் புரூயென் என்னும் இளம் இதய மருத்துவர் சோதித்தபோது, இதயம் பெருத்துத் தளர்ந்திருந்தது. டிஜிட்டாலிஸ், உப்புக் குறைந்த உணவு, ஓய்வு, சிகரெட்டைக் குறைத்தல் ஆகியவற்றையே அவரால் தர முடிந்தது. அழுத்தத்தை இறக்கவல்ல நல்ல மருந்து அன்று இல்லை. தமக்கு என்ன நோய் என்று ரூஸ்வெல்ட் கேட்கவுமில்லை, மருத்துவர்கள் கூறவுமில்லை. அந்த நவம்பரில் மக்கள் நான்காம் முறையாக அவருக்கு வாக்களித்தனர். அறிந்து வாக்களிக்கும் உரிமை அவர்களுக்கு இல்லையா?

1945 ஏப்ரல் 12. ஜார்ஜியா மாநிலத்து வார்ம் ஸ்பிரிங்ஸ். ஓவியர் ஒருவர் அவருடைய உருவத்தைத் தீட்டிக்கொண்டிருந்தார். பகல் ஒரு மணிக்குப் பிறகு, பின்தலையில் கடும் வலி என்றவர் நினைவிழந்து சாய்ந்தார். புரூயென் விரைந்து வந்து அளந்தார்: மேல் அழுத்தம் 300க்கு மேல், கீழ் அழுத்தம் 190. நாளங்களை விரிக்கும் பாப்பவெரினும் அமைல் நைட்ரைட்டும் கொடுத்தார். மூளைக்குள் கொட்டிவிட்ட இரத்தத்தை அவை என்ன செய்யும்? 3.35க்கு உயிர் பிரிந்தது. வயது 63.

இன்று அவசரப் பிரிவில் லபெட்டலால், நிகார்டிபைன் போன்ற மருந்துகளைச் சிரை வழியே அளந்து செலுத்துகிறார்கள். உறுப்புகள் கெடத் தொடங்கியவர்க்கும் பொதுவாக முதல் ஒரு மணி நேரத்தில் கால் பங்குக்கு மேல் அழுத்தத்தை இறக்குவதில்லை. உயர் அழுத்தத்திற்குப் பழகிய மூளைக்கு இரத்தம் திடீரென்று குறைந்தால் அதுவே கேடு. மூளைக் கசிவுக்கும் பெருந்தமனிப் பிளவுக்கும் கணக்கு வேறு.

ரூஸ்வெல்ட்டின் மருத்துவக் கோப்பு அவர் மறைவுக்குப் பின் காணாமற் போயிற்று. புரூயென் 1970இல்தான் விவரங்களை எழுதி வெளியிட்டார். அதற்கு வெகு முன்பே, 1949இல், பம்பாய் மருத்துவர் ருஸ்தம் ஜால் வக்கீல், சர்ப்பகந்தா வேர் கொதிப்பைத் தணிப்பதை இங்கிலாந்தின் இதய மருத்துவ இதழில் எழுதியிருந்தார். ரூஸ்வெல்ட் மறைந்து அப்போது நான்கே ஆண்டுகள்.