மாட்டு டாக்டர் கண்டுபிடித்த சைக்கிள் டயர்: யார் இந்த டன்லப்?

ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஸ்ரீரங்கத்தில் இருந்து திருவானைக்காவல் வழியாகக் கல்லணைக்குப் போகும் சாலையில் கொஞ்ச நேரம் நின்று பாருங்கள். ஹெல்மெட், பின்னால் மினுக்கும் சிவப்பு லைட் சகிதம் ரோடு பைக்குகள் சர்ரென்று போகும். திருச்சிக்காரர்களுக்குக் கல்லணையும் முக்கொம்பும்தான் வார இறுதி டிராக். இந்தப் பக்கம் கொள்ளிடத்து மணலை ஏற்றிய மாட்டு வண்டிகளையும் பார்க்கலாம். மரச்சக்கரம் போய், லாரி டயர் மாட்டிய 'டயர் வண்டி'.

லட்ச ரூபாய் சைக்கிளும் மணல் வண்டியும் ஓடுவது ஒரே ஐடியாவில்தான். ரப்பருக்குள் அடைத்து வைத்த காற்று. அதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் இன்ஜினீயர் இல்லை. ஒரு மாட்டு டாக்டர்.

குறைமாதக் குழந்தை

ஜான் பாய்டு டன்லப் 1840 பிப்ரவரி 5-ம் தேதி ஸ்காட்லாந்தின் டிரெகார்ன் என்ற ஊரில் பிறந்தார். இரண்டு மாதம் முன்னதாகவே பிறந்த குழந்தை. அதனால் உடம்பைப் பத்திரமாகப் பார்த்துக்கொள்ளச் சொல்லியே வளர்த்தார்கள். அவரும் வாழ்நாள் முழுக்கத் தன்னை நோஞ்சான் என்றே நம்பினார். ஆனா பெரிய வியாதி எதுவும் வராமல் 81 வயது வரை வாழ்ந்தார்!

எடின்பரோவில் கால்நடை மருத்துவம் படித்தார். 1867-ல் அயர்லாந்துக்குக் குடிபெயர்ந்தார். பிறகு பெல்ஃபாஸ்ட் நகரில் அவர் நடத்திய மருத்துவமனை, அயர்லாந்தின் பெரிய கால்நடை மருத்துவமனைகளில் ஒன்றாக வளர்ந்தது. ஊரெல்லாம் குதிரை வண்டி ஓடிய காலம் அது. கல் பாவிய தெருக்களில் வண்டி இழுக்கும் குதிரைகளின் கால்கள்தான் அவருடைய அன்றாட வேலை. ரப்பரைக் கையாளும் பழக்கமும் அவருக்கு இருந்தது.

கொல்லைப்புறத்தில் நடந்த டெஸ்ட்

1887 அக்டோபர். டன்லப்பின் சின்னப் பையனிடம் ஒரு மூன்று சக்கர சைக்கிள் இருந்தது. அந்தக் காலத்துச் சக்கரங்களில் இருந்தது கெட்டி ரப்பர். கல் தெருவில் ஓட்டினால் எலும்பெல்லாம் ஆடிவிடும். வேகமும் வராது.

டன்லப் மெல்லிய ரப்பர் தகட்டைக் குழாயாக ஒட்டினார். அதை ஒரு மரவட்டின் விளிம்பில் சுற்றி, மேலே துணியைப் போர்த்தி ஆணி அடித்தார். கால்பந்துக்குக் காற்றடிக்கும் பம்ப்பால் காற்றை ஏற்றினார். பிறகு பையனின் சைக்கிள் சக்கரத்தைக் கழற்றி, இரண்டையும் முற்றத்தில் உருட்டிவிட்டார். பழைய சக்கரம் பாதியில் சாய்ந்து நின்றுவிட்டது. காற்றுச் சக்கரமோ முற்றத்தைத் தாண்டி, கேட் தூணில் மோதித் திரும்பியது.

இந்த இடத்தைக் கவனிக்க வேண்டும். காற்று டயர் என்றால் 'மெத்து மெத்து' சொகுசு என்றுதான் நினைக்கிறோம். நம்ம ஊரில் ரப்பர் மெத்தைக்கே 'டன்லப் மெத்தை' என்று பெயர் வைத்திருந்தோம். ஆனா அவர் சோதித்தது சொகுசை இல்லை. ஒரே தள்ளலில் எது அதிக தூரம் உருளும் என்பதைத்தான். இன்றைக்கு டயர் ரிவ்யூக்களில் 'ரோலிங் ரெசிஸ்டன்ஸ்' என்று எழுதுகிறார்களே, அதை அளக்க அவர் செய்த டெஸ்ட் அது.

காரணம் எளிது. கெட்டி டயர் ஒரு கல்லில் ஏறினால் வண்டியும் ஆளும் சேர்ந்து மேலே தூக்கப்படுவார்கள். ஒவ்வொரு முறையும் கொஞ்சம் வேகம் போய்விடும். காற்று டயர் கல்லைத் தனக்குள் வாங்கிக்கொள்ளும், வண்டி நேராகப் போகும். குதிரைக்கும் மாட்டுக்கும் இழுவை குறைவதும் இதனால்தான்.

சிரித்தவர்கள், தோற்றவர்கள்

1888 டிசம்பர் 7-ல் பேட்டன்ட் கிடைத்தது. 1889 மே 18-ல் பெல்ஃபாஸ்ட் குயின்ஸ் காலேஜ் மைதானத்தில் பந்தயம். வில்லி ஹ்யூம் என்ற உள்ளூர் வீரர் இந்தக் குண்டு டயரோடு வந்து நின்றபோது பார்த்தவர்கள் சிரித்தார்கள். அவர் அன்றைக்கு நான்கு சைக்கிள் போட்டியிலும் ஜெயித்துவிட்டுப் போனார்.

ஹார்வி டு க்ராஸ் என்ற டப்ளின் வியாபாரியின் மகன்கள் நல்ல சைக்கிள் வீரர்கள். அவர்களும் இந்த டயரிடம் தோற்றார்கள். அப்பா வியாபாரி ஆச்சே! தோல்வியை விட்டுவிட்டு டயரைப் பிடித்துக்கொண்டார். அதே வருடம் கம்பெனி தொடங்கியது. டன்லப் தன் பேட்டன்டை ஒப்படைத்துவிட்டுப் பங்குகள் வாங்கிக்கொண்டார்.

பேட்டன்ட் செல்லாது!

1890-ல் வந்தது பேரிடி. ராபர்ட் வில்லியம் தாம்சன் என்ற இன்னொரு ஸ்காட்லாந்துக்காரர், 1845-லேயே, 23 வயதில், இதே ஐடியாவுக்குப் பேட்டன்ட் வாங்கியிருந்தார். அவர் அதைக் குதிரை வண்டிகளில் ஓட்டியும் காட்டினார். ஆனா அப்போது சைக்கிள் இல்லை, விலையும் கட்டுப்படியாகவில்லை, உலகம் மறந்துவிட்டது. டன்லப்புக்கும் இது தெரியாது. தெரியாமல் கண்டுபிடித்தாலும் சட்டத்தில் இரண்டாவது ஆள் இரண்டாவது ஆள்தான். டன்லப்பின் பேட்டன்ட் செல்லாது என்றானது.

இன்னொரு பிரச்சினையும் இருந்தது. டன்லப்பின் டயர் வேகமாக உருண்டது சரி, பஞ்சர் ஆனால்? டயர் ரிம்மோடு சுற்றி ஒட்டப்பட்டிருந்ததால் மொத்தத்தையும் பிரித்து எடுக்க வேண்டும். நம்ம பஞ்சர் கடைக்காரர் பத்து நிமிஷத்தில் முடிக்கிற வேலைக்கு அன்றைக்கு மணிக்கணக்கு ஆகும்.

அதைத் தீர்த்தது வேறு ஆட்கள். 1890-ல் சார்லஸ் கிங்ஸ்டன் வெல்ச், விளிம்பில் கம்பி வைத்த டயரையும் அது உட்காரும் ரிம்மையும் கொண்டுவந்தார். கழற்றலாம், மாட்டலாம். அடுத்த வருடம் உட்ஸ் வால்வு வந்தது. நம்ம ஊர் சாதா சைக்கிளில் சின்ன ரப்பர் குழாய் மாட்டுவோமே, 'வால்டியூப்', அது இதுதான். உலகின் பல இடங்களில் அதற்கு 'டன்லப் வால்வு' என்று பெயர். கண்டுபிடித்தது அவர் இல்லை, பெயர் மட்டும் அவருடையது!

வெல்ச்சின் பேட்டன்ட் போன்றவற்றை வாங்கித்தான் கம்பெனி பிழைத்தது. டன்லப் 1895-ல் விலகிவிட்டார். 1896-ல் டு க்ராஸ் தரப்பு அந்தத் தொழிலை 30 லட்சம் பவுண்டுக்கு விற்றது. வாங்கியவர் அதையே பொதுமக்களிடம் 50 லட்சம் பவுண்டுக்கு விற்றார். டன்லப் பெரிய கோடீஸ்வரர் ஆகவில்லை. 1921 அக்டோபர் 23-ல் டப்ளினில் இறந்தார். அவர் பெயர் தாங்கிய கம்பெனி பின்னாளில் மேற்கு வங்கத்தின் சாகாகஞ்சிலும், 1959-ல் சென்னை அம்பத்தூரிலும் ஆலை தொடங்கியது.

சரி, நம்ம பயிற்சி டயருக்கு இதில் என்ன?

நிறைய. டன்லப் தந்தது உருளும் வேகம். கழற்றும் வசதியும் நீடித்த உழைப்பும் மற்றவர்கள் சேர்த்தது. பட்ஜெட் ரோடு பைக் டயர் வாங்கும்போது நீங்கள் எடை போடுவதும் இந்த இரண்டைத்தான்.

குறைந்த விலைப் பயிற்சி டயர்களின் விளிம்பில் பெரும்பாலும் இருப்பது கம்பி, அதாவது வெல்ச்சின் 1890 யோசனை. விலை உயர்ந்தவற்றில் மடிக்கக்கூடிய நார் விளிம்பு. பட்ஜெட் டயரில் ரப்பர் தடிமன், எடை கூடுதல். பந்தய டயரோடு ஒப்பிட்டால் இரண்டு டயரும் சேர்ந்து உங்கள் உழைப்பில் 10 வாட்டுக்கு மேல்கூட விழுங்கலாம். பயிற்சிக்கு அது நஷ்டமே இல்லை. கூடுதலாக மிதிப்பதுதானே பயிற்சி! பதிலுக்கு அந்தத் தடித்த ரப்பர் சீக்கிரம் தேயாது.

நம்ம ஊர் சாலைக்குச் சில விஷயங்கள்:

- 23 மி.மீ. டயரைவிட 25 அல்லது 28 மி.மீ. நல்லது. ஃப்ரேமில் இடம் இருக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள். அகல டயரில் காற்றைக் கொஞ்சம் குறைத்து ஓடலாம். கல்லுபோல் காற்றடித்தால் மோசமான சாலையில் கெட்டி டயர் மாதிரியே குதிக்கும், வேகம் குறையும்.
- பின் டயர்தான் முதலில் தேயும். உங்கள் எடையில் பெரும்பங்கும் மிதிக்கும் விசையும் அதன் மேல்தான். தேய்ந்த பின் டயரை முன்னால் மாற்றாதீர்கள். முன் டயர் வெடித்தால் விழும் ஆபத்து அதிகம். முன் டயரைப் பின்னால் போட்டு, புதியதை முன்னால் மாட்டுங்கள்.
- நடுப்பகுதி தட்டையாகிவிட்டாலோ, உள்ளே நூல் தெரிந்தாலோ, அடிக்கடி பஞ்சர் ஆனாலோ மாற்றிவிடுங்கள்.
- வெயிலில் நிறுத்தாதீர்கள். ஓட்டாமலே வெடிப்பு விடும்.
- ஓட்டி முடித்ததும் டயரில் குத்திய கண்ணாடிச் சில், முள் இருக்கிறதா பாருங்கள். இன்றைக்கு எடுக்காத சில்தான் அடுத்த வாரம் பஞ்சர்.

புது டயர் மாட்டியதும் ஒரு தடவை நீங்களே சோதித்துப் பாருங்கள். ஒரே சரிவில், ஒரே இடத்தில் இருந்து, மிதிக்காமல் விடுங்கள். வண்டி எங்கே போய் நிற்கிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். பழைய டயர் எங்கே நின்றது? பெல்ஃபாஸ்ட் முற்றத்தில் அந்த மாட்டு டாக்டர் கேட்டதும் இதே கேள்விதான்.