வோட்டுரிமையும் செல்வநாயகமும்

போடிநாயக்கனூரினின்று போடிமெட்டுக்கு ஏறும் பாதையில் விடியற்காலையில் நிற்போர், ஏலத் தோட்டங்களுக்குச் செல்லும் தொழிலாளிகளை ஏற்றிய ஜீப்புகளைத் தினந்தோறும் காணலாம். தேர்தல் தினத்தன்று தோட்டச் சொந்தக்காரருக்கும் ஒரு வோட்டு. இத்தொழிலாளிக்கும் ஒரு வோட்டு. இவர்களைப் போலவே தமிழ்நாட்டினின்று கடல் கடந்து சென்று இலங்கையின் தேயிலை மலைகளில் உழைத்தவர்களும் வோட்டுப் பெற்றிருந்தார்கள். பின்னர் சட்டத்தின் பெயரால் இழந்தார்கள். அவர்களுக்காக வாதாடிய எஸ். ஜே. வி. செல்வநாயகத்தின் சரித்திரத்தை நம்மவர் அறிதல் நன்று.

1898-ம் வருஷம் மார்ச்சு 31-ந் தேதி மலாய் நாட்டு ஈப்போவில் பிறந்த அவர், யாழ்ப்பாணத்தில் வளர்ந்து, கொழும்பில் வக்கீலாகப் புகழெய்தினார். 1947-ம் வருஷத்தில் தமிழ்க் காங்கிரஸின் சார்பில் காங்கேசன்துறைத் தொகுதியினின்று பார்லிமெண்டுக்குச் சென்றார். மலைநாட்டுத் தொழிலாளரின் வோட்டினால் தொண்டமான் முதலியோரும் அத்தேர்தலில் வெற்றி பெற்றனர்.

அவ்வெற்றி ஆட்சியாளருக்கு உறுத்தியது. 1948-ம் வருஷத்துப் பிரஜா உரிமைச் சட்டம், இலங்கையில் பிறந்தவனும் தன் தந்தை அல்லது முன்னோர் அங்கே பிறந்ததை நிரூபிக்க வேண்டுமென்றது. 1949-ம் வருஷத்துத் தேர்தல் திருத்தச் சட்டம், பிரஜையல்லாதவருக்கு வோட்டில்லையென்றது. இரண்டிலும் எந்தச் சமூகத்தின் பெயரும் இல்லை. ஆயினும் தோட்டத்து லயத்தில் பிறந்த ஏழை, தகப்பனின் பிறப்புப் பத்திரத்திற்கு எங்கே போவான்? ஒரு சமூகத்திற்கு மட்டும் தடை விதிக்கலாகாதென்ற அரசியலமைப்பின் 29-வது பிரிவும் காப்பாற்றவில்லை. 1953-ல் பிரிவி கவுன்ஸில் அச்சட்டங்கள் செல்லுமென்றே தீர்ப்பளித்தது.

யாழ்ப்பாணத்தாரின் வோட்டுக்கு அப்பொழுது பழுதில்லை. கட்சித் தலைவர் பொன்னம்பலம் மந்திரிப் பதவி ஏற்றார். செல்வநாயகமோ, இன்று மலைநாட்டாருக்கு நேர்ந்தது நாளை மொழியின் பெயரால் நமக்கும் நேருமென எச்சரித்து, கட்சியை விட்டு விலகி, 1949 டிசம்பர் 18-ல் தமிழரசுக் கட்சியை நிறுவினார். 1952-ல் சொந்தத் தொகுதியிலேயே தோற்றார். 1956-ல் சிங்களம் மட்டுமே ஆட்சிமொழியென்ற சட்டம் வந்தது, எச்சரிக்கை மெய்யாயிற்று. அவ்வருஷமே ஜனங்கள் அவரை மீண்டும் தேர்ந்தெடுத்தனர்.

1964-ம் வருஷத்து ஒப்பந்தம், 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என, அம்மக்களைக் கேளாமலே பங்கிட்டது. செல்வநாயகம் 1977 ஏப்ரல் 26-ல் காலமானார். எஞ்சியோரின் பிரஜா உரிமைக்கு 2003-ம் வருஷத்துச் சட்டம் வரவேண்டியிருந்தது. ஒரு நாளில் பறித்ததைத் திருப்பித் தர அரை நூற்றாண்டு ஆயிற்று!

அநீதியான சட்டம் முதலில் அயலான் வாசற்படியையே மிதிக்கும். நம் வாசலுக்கு வருமுன் எழுந்தவர் அவர். போடியிலுள்ள தேசத் தொண்டர்களுக்கு நாம் கூறுவது இதுவே: வாக்காளர் பட்டியல் வெளியாகும்போது உங்கள் பெயரைப் பார்த்ததோடு திரும்பிவிடாதீர்கள். விடியுமுன் மலையேறி, இருட்டிய பின் இறங்குகிறவர்களின் பெயர்களையும் தேடிப் பாருங்கள். விடுபட்டிருந்தால் அவர்களுக்காக மனு எழுதிக் கொடுங்கள். செல்வநாயகத்திற்கு நாம் செய்யக்கூடிய மரியாதை அதுவேயாகும்.