கருவை 53 நாள் உறைய வைத்த டாக்டர்.. ஏற்க மறுத்த அரசு: யார் இந்த சுபாஷ் முகோபாத்யாய்?

கொடுங்கையூரில் இருந்து கிளம்பும் ஒரு தம்பதி, சென்னைக்குள்ளேயே ஐவிஎஃப் சிகிச்சைக்குப் போய்விட்டு சாயங்காலம் வீடு திரும்பிடலாம். முட்டையை வெளியே எடுத்து, கருவாக்கி, உறைய வைத்து, சரியான மாதம் பார்த்து கருப்பைக்குள் வைப்பது இன்று ரொம்ப சாதாரணம். இதையே 1978-ல் கொல்கத்தாவில் செய்து காட்டியவர் டாக்டர் சுபாஷ் முகோபாத்யாய்.

1931-ல் ஹசாரிபாக்கில் பிறந்தவர். கொல்கத்தாவில் மருத்துவம், பிறகு எடின்பரோவில் ஆய்வுப் பட்டம். சுனித் முகர்ஜி, சரோஜ் காந்தி பட்டாச்சார்யா ஆகியோருடன் சேர்ந்து, 8 செல் நிலையில் இருந்த கருவை 53 நாள் உறைய வைத்து தாயின் கருப்பையில் வைத்தார்.

அதென்ன 8 செல் கணக்கு?

கருவுற்ற மூன்றாம் நாள் வாக்கில் கரு 8 செல்லாக இருக்கும். அப்போது தோல் எது, எலும்பு எதுன்னு எந்த செல்லுக்கும் வேலை பிரித்துக் கொடுக்கப்பட்டிருக்காது. உறைய வைக்கும்போது ஒன்றிரண்டு செத்தாலும் மிச்சம் உள்ளவை ஈடுகட்டிவிடும். மூன்றாவது வாரத்தில்தான் செல்கள் இடம்பெயர்ந்து உள்ளே இறங்கி மூன்று அடுக்காகும். புற அடுக்கில் இருந்து தோல், மூளை, நரம்பு. நடு அடுக்கில் இருந்து எலும்பு, தசை, இதயம், ரத்தம். அக அடுக்கில் இருந்து குடல், நுரையீரலின் உட்பரப்பு, கல்லீரல். இந்த வேலை கருப்பைக்குள்தான் நடக்க வேண்டும், ஆய்வகத்தில் முடியாது.

அது நடந்தது. 1978 அக்டோபர் 3-ல் பெண் குழந்தை பிறந்தது. துர்கா பூஜை சமயம் என்பதால் துர்கா என்று அழைத்தார்கள். உலகின் முதல் சோதனைக்குழாய் குழந்தை லூயிஸ் பிரவுன் பிறந்து பத்தே வாரம்! பிரிட்டன் குழு கருவை உறைய வைக்கவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்கணும்.

ஆனால் மேற்கு வங்க அரசு அமைத்த விசாரணைக் குழு அவர் சொன்னதை நிராகரித்தது. குழுவின் தலைவர் ரேடியோ இயற்பியல் பேராசிரியர்! ஜப்பானில் போய் ஆய்வை விளக்கவும் அனுமதி கிடைக்கவில்லை. 1981 ஜூனில் கண் மருத்துவ நிறுவனத்துக்கு மாற்றினார்கள். கருவியல் ஆய்வாளருக்கு அங்கே என்ன வேலை? அதே மாதம் 19-ம் தேதி உயிரை மாய்த்துக்கொண்டார்.

1986-ல் மும்பையில் பிறந்த குழந்தைதான் இந்தியாவின் முதல் சோதனைக்குழாய் குழந்தை என்று பதிவானது. அந்த ஆய்வுக் குழுவின் விஞ்ஞானி டி.சி.ஆனந்த்குமார், சுபாஷின் கையெழுத்துக் குறிப்புகளைப் படித்துப் பார்த்தார். முதல் பெருமை தனக்கில்லை, சுபாஷுக்குத்தான் என்று 1997-ல் கரன்ட் சயின்ஸ் இதழில் அவரே எழுதினார்.