கூடைப்பந்தின் தந்தை

கனடா நாட்டின் ஒண்டாரியோ மாநிலத்தில், ஆல்மாண்ட் என்னும் சிற்றூரையொட்டி 1861ஆம் ஆண்டு பிறந்தவர் ஜேம்ஸ் நெய்ஸ்மித். ஒன்பது வயதளவில் குடற்காய்ச்சலுக்குப் பெற்றோர் இருவரையும் பறிகொடுத்துத் தாய்மாமன் வீட்டில் வளர்ந்தார். பள்ளியை இடையில் விட்டு மரம் வெட்டும் தொழிலில் சில ஆண்டுகள் உழைத்தவர், மீண்டும் நூலைக் கையில் எடுத்து மெக்கில் பல்கலைக்கழகத்தில் பட்டம் பெற்றார், இறையியலும் கற்றார்.

1891இல் அவர் அமெரிக்காவின் ஸ்பிரிங்ஃபீல்டு நகரில், ஒய்.எம்.சி.ஏ. பயிற்சிப் பள்ளியின் ஆசிரியர். வெளியில் பனி, உள்ளே ஒரே வகை உடற்பயிற்சியால் சலித்துப்போன முரட்டு மாணவர்கள். அவர்களுக்கென ஒரு புதிய விளையாட்டை இரு வாரங்களில் உருவாக்குமாறு தலைவர் கூலிக் பணித்தார். பழைய ஆட்டங்களை அறைக்குள் ஆடிப் பார்த்தபோது காயங்களே மிஞ்சின. பந்தைக் கையிலேந்தி ஓடுவதால்தான் மோதல் நேர்கிறது என்பதை நெய்ஸ்மித் கண்டார். எனவே ஓடுவதைத் தடுத்தார். இலக்கைத் தலைக்கு மேலே பத்தடி உயரத்தில் வைத்தார். அங்கே வலிமையை விடக் குறியே பயன்படும். காவலரிடம் இரு பெட்டிகள் கேட்டார். கிடைத்தவையோ பீச் பழக் கூடைகள்! அவற்றை மாடத்தின் விளிம்பில் அறைந்து, பதின்மூன்று விதிகளை எழுதி ஒட்டினார். டிசம்பர் 21 அன்று அணிக்கு ஒன்பதின்மராக மாணவர்கள் ஆடினர். ஆட்டத்திற்குத் தம் பெயரைச் சூட்ட ஒரு மாணவர் விரும்பியபோது அவர் இசையவில்லை.

பின்னர் மருத்துவமும் பயின்று, 1898இல் கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் சேர்ந்தார். அங்கே அவர் பயிற்றுவித்த அணி 55 ஆட்டங்களில் வென்று 60இல் தோற்றது. ஆட்டத்தைப் படைத்தவருக்கே இந்நிலை! வெற்றியை விட மாணவரின் உடல்நலத்தையும் ஒழுக்கத்தையுமே அவர் பெரிதாக எண்ணினார்.

1936இல் பெர்லின் ஒலிம்பிக்கில் கூடைப்பந்து இடம்பெற்றதை நேரில் கண்டார். மழையில் சேறான களத்தில், அவரை ஏற்ற நாடாகிய அமெரிக்கா அவர் பிறந்த கனடாவை 19–8 எனத் தோற்கடித்தது.

அக்காலத்தில் கன்சாசில் அவரிடம் பயின்றவர் ஜான் மெக்லெண்டன் என்னும் கறுப்பின இளைஞர். நிறத்தின் பொருட்டுப் பல்கலைக்கழக அணியில் அவருக்கு இடமில்லை. அணிக் கதவை நெய்ஸ்மித்தாலும் திறக்க இயலவில்லை. ஆயினும் ஆட்டத்தின் நுட்பங்களை அவருக்கு மனமுவந்து கற்பித்தார்.

பெரிய பல்கலைக்கழகங்களின் நிழலில் மறைந்து கிடந்த சிறு கல்லூரிகளுக்கென 1937இல் கன்சாஸ் நகரில் எட்டு அணிகளுடன் ஒரு போட்டி தொடங்கியது. அதை உருவாக்கியோருள் முதுமையெய்திய நெய்ஸ்மித்தும் ஒருவர். 1939 நவம்பரில் அவர் மறைந்தார். மறு ஆண்டு அப்போட்டி ஒரு சங்கமாக வளர்ந்தது. அதன் களத்திலும் கறுப்பின வீரர்களுக்குத் தடை இருந்தது. 1948இல் அது நீங்கியது. 1957, 1958, 1959 என அடுத்தடுத்து மூன்று ஆண்டுகள் அச்சங்கத்தின் வாகையைச் சூடியது டென்னசி மாநிலப் பல்கலைக்கழக அணி. அதன் பயிற்றுநர் மெக்லெண்டன்.